ஏழாவது புள்ளி

"அம்மா, நானூற்றுப் பன்னிரண்டு பூவை ஒவ்வொண்ணா எண்ணினவன் நான். அந்த மெஷின் ஒரு பூவைக்கூடப் பார்க்கலை. அது எப்படிச் சரி, நான் எப்படித் தப்பு?"

பூதத்தான் நின்றபடியே கேட்டார்.

செல்வகனி தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். "அது பூவை எண்ணலை, அண்ணாச்சி."

"பின்னே எதை எண்ணுச்சு?"

"எழுத்தை."

"எழுத்து எனக்கும் எண்ண வரும்."

செல்வகனி இரண்டு தாள்களை அவர் பக்கமாகத் தள்ளினார்.

"எண்ணிட்டு வாங்க."

அது மலையடிவாரத்தில் இருந்த ஓர் உலர்செடிக் காப்பகம். மலையில் பறித்த செடிகளை அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டி, ஒரே இனத்துத் தாள்களையெல்லாம் ஒன்றாகக் கட்டி, இரும்பு அலமாரிகளில் அடுக்கியிருந்தார்கள். ஓர் இனத்துக்கு ஒரு கட்டு. அங்கே அதுதான் சட்டம்.

பூதத்தான் அங்கே செடி ஒட்டுகிறவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. முப்பத்தொரு வருடத்தில் இருபத்தாறாயிரத்து நூற்று நான்கு தாள் ஒட்டியிருக்கிறார். கணக்கு அவருடைய நோட்டில் இருக்கிறது. ஓய்வு பெற இன்னும் சில மாதம்தான்.

செல்வகனி காப்பகத்தின் தலைவர். பூதத்தானைவிடப் பதினாறு வயது இளையவர். இலையின் சாற்றைப் பிரித்துப் பார்த்து, எந்தச் செடி எதற்கு உறவு, எது தனி என்று சொல்வதில் பெயர் வாங்கியவர். இந்த மலையில் வளரும் பேய்மிரட்டி வேறு, சமவெளியில் வளரும் பேய்மிரட்டி வேறு என்று முதலில் சொன்னவர் அவர்தான். சாற்றைத் தாளில் ஏறவிட்டால், மற்றதில் ஆறு புள்ளி வரும் இடத்தில் இதில் ஏழு வருகிறது என்று காட்டினார். அந்த ஏழாவது புள்ளியால் அவர் பெயர் அந்தச் செடியின் பெயருக்குப் பக்கத்தில் அச்சேறியது.

எட்டு வருடத்துக்கு முன்பு அவர் தலைவராக வந்தபோது, தனக்கும் கற்றுக்கொடுக்க முடியுமா என்று பூதத்தான் கேட்டார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல மூன்று நாள் கதவுவரை வந்து வந்து திரும்பியிருந்தார்.

"ஒரு நாளைக்கு ஒரு கேள்வி" என்றார் செல்வகனி. "நாலு மணி டீக்கு."

இன்று கேட்டது ஆயிரத்து எழுநூற்றுப் பதினெட்டாவது கேள்வி.

அது ஒரு தும்பையைப் பற்றியது.

இருபத்து நான்கு வருடத்துக்கு முன்பு, அப்போதைய தலைவரோடு பூதத்தான் சுமை தூக்கிக்கொண்டு மலையேறினார். உச்சிப் பாறை இடுக்கில் ஒரு தும்பை பூத்திருந்தது. தலைவர் அதைத் தாண்டிப் போனார். பூதத்தான் போகவில்லை.

"ஐயா, இது ஊர்த் தும்பை இல்லை."

"ஏன்?"

"பல்லு குறையுது."

தும்பைப் பூவைத் தாங்கும் பச்சைக் கிண்ணம் ஒன்று உண்டு. அதன் விளிம்பில் பல் போலச் சின்னச் சின்ன முனைகள் இருக்கும். ஊர்த் தும்பைக்குப் பத்து. இதற்கு எட்டு.

"ஒரு பூவை வச்சுச் சொல்லாதே" என்றார் தலைவர்.

பூதத்தான் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார். பொழுது சாயும்போது எழுந்து வந்து சொன்னார். "நானூற்றுப் பன்னிரண்டு பூ. எல்லாத்துலயும் எட்டு."

தலைவர் ஒரு புதிய கட்டுக்கு அட்டை போட்டார். அதன்மேல் பென்சிலால் எழுதினார்: பூதத்தான் தும்பை.

பென்சிலில் எழுதினால் முடிவாகவில்லை என்று பொருள். மையால் எழுதும்முன் அந்தத் தலைவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. பூதத்தான் அந்தப் பெயரை இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. "அந்தப் பாறைத் தும்பை" என்றுதான் சொல்வார். ஆனால் அலமாரியைத் துடைக்கும்போது, அந்தத் தட்டை மட்டும் இரண்டு தரம் துடைப்பார்.

இப்போது இந்த மலையின் செடிகளையெல்லாம் வரிசைப்படுத்தி ஒரு புத்தகம் வரப்போகிறது. பாறைத் தும்பை தனியா, ஊர்த் தும்பையேதானா என்று முடிவு செய்தாக வேண்டும். தண்ணீர் இல்லாத பாறையில் வளர்ந்ததால் பல் குறைந்திருக்கும் என்று சொல்பவர்களும் இருந்தார்கள். அதனால் இரண்டு தும்பையின் இலையையும் நகரத்து ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். செடியின் உள்ளே, அதன் தாய் தகப்பன் வழியாக வந்த மரபணு எழுத்துகளை அங்கே மெஷின் படித்துச் சொல்லும்.

மெஷின் படித்துச் சொன்னது: இரண்டும் ஒன்று.

ஒன்றுதான் என்றால் கட்டைப் பிரித்து, தாள்களை ஊர்த் தும்பைக் கட்டுக்குள் சொருகிவிடுவார்கள். அட்டை பழைய காகிதத்தோடு போகும்.

பூதத்தான் இரண்டு நாள் எண்ணினார்.

நாலே எழுத்து. அதுவே மாறி மாறி வந்தது. அளவுகோலை வைத்து, ஒரு தாளில் ஒன்று, மறு தாளில் ஒன்று என்று தொட்டுத் தொட்டுப் போனார். ஒவ்வொரு தாளிலும் அறுநூற்று நாற்பத்தெட்டு எழுத்து. முடித்துவிட்டு, கடைசியிலிருந்து முதலுக்கு ஒரு தரம் எண்ணினார்.

தட்டச்சு செய்யும் கோமு எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணாச்சி, ஜாதகப் பொருத்தமா?"

"ஆமா."

"எத்தனை பொருத்தம்?"

"அறுநூற்று நாற்பத்தெட்டும்."

"அப்ப கல்யாணத்தை முடிச்சிர வேண்டியதுதானே. முகம் ஏன் இப்படி இருக்கு?"

பூதத்தான் தாள்களை அடுக்கிக்கொண்டு எழுந்தார்.

நாலு மணிக்கு அவர் கேட்டார். "ஒரு எழுத்துகூட மாறலைம்மா. அப்ப என் கண்ணு பொய்யா?"

செல்வகனி எழுந்தார். அலமாரியைத் திறந்தார். பாறைத் தும்பைக் கட்டை எடுத்து வந்து, அவிழ்த்து, முதல் தாளை மேசைமேல் வைத்தார்.

பிறகு ஒட்டியிருந்த செடியின் தண்டிலிருந்து ஓர் இலையைக் கிள்ளினார்.

பூதத்தானுக்குத் தன் காதைக் கிள்ளியது போல இருந்தது.

ஒட்டிய செடியில் யாரும் கை வைக்கக் கூடாது. அங்கே அது பெரிய குற்றம். ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு சின்னக் காகித உறை ஒட்டியிருக்கும். செடி காயும்போது தானாக உதிர்ந்த இலை, பூ, விதை எல்லாம் அதற்குள் இருக்கும். ஆராய்ச்சிக்கு வேண்டியவர்கள் அந்த உறையிலிருந்துதான் எடுக்க வேண்டும். இருபத்து நான்கு வருடமாக அந்தச் செடியின்மேல் ஒரு நகம்கூடப் பட்டதில்லை.

"அம்மா."

"பாருங்க" என்றார் செல்வகனி.

இலையைச் சின்ன உரலில் போட்டு, சில சொட்டு ஸ்பிரிட் விட்டு அரைத்தார். ஊர்த் தும்பைத் தாள் ஒன்றின் தண்டிலிருந்தும் ஓர் இலையைக் கிள்ளி அப்படியே அரைத்தார். உறிஞ்சுதாள் ஒன்றின் அடியில், ஒரு விரல் உயரத்தில், இரண்டு சாற்றையும் பக்கம் பக்கமாக ஒவ்வொரு பொட்டு வைத்தார். தாளின் கால் மட்டும் நனையும்படி, மருந்துக் கலவை ஊற்றிய கண்ணாடிக் குடுவைக்குள் நிறுத்தினார்.

கலவை தாளில் ஏறியது. போகிற வழியில் பொட்டையும் இழுத்துக்கொண்டு ஏறியது.

பூதத்தான் குனிந்தார். தாள் ஒட்டுவதும் காயவைப்பதும் முப்பத்தொரு வருடமாக அவர் வேலை. தாளில் ஈரம் ஏறினால் வேலை கெட்டது என்றுதான் அவருக்குத் தெரியும். ஈரம் ஏறுவதை ஒரு வேலையாக உட்கார்ந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"இது ஏன் ஒண்ணு வேகமாப் போவுது, ஒண்ணு நின்னுக்கிடுது?"

"தாளோட ஒட்டிக்கிற சரக்கு நின்னுடும். கலவையோட ஒட்டிக்கிற சரக்கு கூடப் போயிடும்."

"ஒவ்வொரு செடிக்கும் சரக்கு வேறயா?"

"மூணாவது கேள்வி" என்றார் செல்வகனி.



தாள் காய்ந்ததும் ஊதா விளக்கின் அடியில் பிடித்தார்கள். வெறும் தாளாகத் தெரிந்த இடத்தில் புள்ளிகள் ஒளிர்ந்தன. மஞ்சள், பச்சை கலந்த நீலம், செம்பழுப்பு. ஊர்த் தும்பை ஏறிய பக்கம் ஐந்து புள்ளி. பாறைத் தும்பை ஏறிய பக்கம் நாலு.

பூதத்தான் சட்டைப் பையிலிருந்து அளவுகோலை எடுத்தார். ஊர்த் தும்பையின் உச்சியில் இருந்த நீலப் புள்ளி தொண்ணூற்றிரண்டு மில்லிமீட்டரில் இருந்தது. பாறைத் தும்பைக்கு அந்த உயரத்தில் ஒன்றும் இல்லை.

அவர் நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"கண்ணு ரெண்டுங்குது. சாறு ரெண்டுங்குது. எழுத்து மட்டும் ஒண்ணுங்குது. இதுல யாரு பொய் சொல்லுதாம்மா?"

"அது நாளைக் கேள்வி" என்றார் செல்வகனி.

மறுநாள் நாலு மணிக்கு அவர் அதையே கேட்டார்.

"மூணு பேரையும் எங்கேயிருந்து கூட்டிட்டு வந்தீங்க?" என்றார் செல்வகனி.

"பூவைப் பாறையில வச்சே எண்ணினேன். செடியில இருக்கும்போதே."

"சரி."

"சாறு, நீங்க தண்டுல இருந்து கிள்ளினது."

"சரி."

"எழுத்துக்கு அனுப்பின இலை…"



செல்வகனி பாறைத் தும்பைத் தாளையும் ஓர் இடுக்கியையும் அவர் முன்னால் வைத்தார். வெளியே யாரோ பார்க்க வந்திருப்பதாகக் கோமு சொல்ல, எழுந்து போய்விட்டார்.

எழுத்துப் படிக்க அனுப்பிய இலையைப் பூதத்தான்தான் எடுத்துக் கொடுத்திருந்தார். உறையிலிருந்து. முறைப்படி. நல்லதாக இருக்கட்டும் என்று இருப்பதிலேயே பெரிய இலையாகப் பார்த்து எடுத்தார்.

பாறைத் தும்பைக்கு இலை சிறியது.

அவர் உறையைத் திறந்தார். உள்ளே மிச்சம் நாலு துணுக்கு இருந்தது. நாலையும் தனித்தனியாக அரைத்தார். நாலு பொட்டு வைத்தார். கை பழக்கமில்லாததால் ஒரு பொட்டு கொஞ்சம் பெரிதாகிவிட்டது. குடுவைக்குள் நிறுத்திவிட்டு, கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றில் ஐந்து புள்ளி ஏறியது. ஒன்றில் நாலு.

செல்வகனி திரும்பி வந்தபோது அவர் ஊதா விளக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தார். செல்வகனி தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

"உறை கலந்திருக்கு."

"ஆமாம்மா."

"எப்பவோ யாரோ கலந்துட்டாங்க. தண்டுல இருந்து ஒரு இலை எடுத்து அனுப்புங்க."

பூதத்தான் தலையசைத்தார்.

யாரோ என்ற அந்தச் சொல்லை அவர் மறுக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அது கூடவே வந்தது.

அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பழைய தலைவர் ஒரு பேச்சுச் சொல்லியிருந்தார். "மேசையில விழுந்தது எதுவும் குப்பைக்குப் போகக் கூடாது. ஆள் உசுரக் கொடுத்து மலையேறிப் பறிச்சது." அவர் சொன்னது ஒவ்வொரு செடியிலிருந்தும் உதிர்ந்ததை அந்தந்த உறையில் போடு என்பதற்காக. பூதத்தான் அதை இன்னும் கவனமாகச் செய்தார். சாயங்காலம் மேசையை ஒரு மெல்லிய தூரிகையால் கூட்டுவார். விழுந்து கிடக்கும் கடைசித் துணுக்கையும் பொறுக்குவார். எது எந்தச் செடியுடையது என்று பார்த்து, தெரிந்ததைத் தெரிந்த உறையில் போடுவார். தெரியாததை, எந்தச் செடிக்குப் பக்கத்தில் கிடந்ததோ அதன் உறையில் போடுவார்.

ஒன்றுகூட வீணாகவில்லை. அதில் அவருக்குப் பெருமை.

ஒன்பது வருடம் அப்படிச் செய்தார். பிறகு ஒவ்வொரு செடிக்கும் தனித் தட்டு வந்தது. கூட்டுவது நின்றது. அவரும் மறந்துபோனார்.

தண்டிலிருந்து எடுத்த இலைக்குப் பதில் மூன்று வாரத்தில் வந்தது.

அறுநூற்று நாற்பத்தெட்டு எழுத்தில் பதினோரு எழுத்து வேறு.

பூதத்தான் அளவுகோலை வைத்து எண்ணிப் பார்த்தார். பதினொன்றுதான்.

கோமு உளுந்து வடை வாங்கி வந்தாள். "அண்ணாச்சி பேரு புஸ்தகத்துல வரப்போகுது. இனிமே தும்பை பறிக்கப் போற புள்ளைங்க எல்லாம் பூதம்னு பயந்து ஓடப்போகுதுங்க."

"பக்கத்துப் பக்கத்துலதான் பேய்மிரட்டி இருக்குல்ல" என்றார் செல்வகனி. "அது பார்த்துக்கிடும்."

கோமு சிரித்து, வடையைத் தவறவிட்டாள்.

செல்வகனி பேனாவை எடுத்து, அட்டையில் இருந்த பென்சில் எழுத்தின்மேல் மையால் எழுதினார். பூதத்தான் தும்பை. மை காயும்வரை ஊதினார். கட்டைப் பூதத்தான் கையில் கொடுத்தார்.

அவர் அதை அலமாரியில் வைத்தார். தட்டை ஒரு தரம் துடைத்தார். இரண்டாம் தரம் துடைக்கவில்லை.

கீழே விழுந்த வடைத் துணுக்கைக் கோமு பொறுக்கிக் குப்பையில் போடுவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று அவர் கேள்வி கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை.

ஒட்டிய தாள்களின் பதிவேட்டை எடுத்தார். முதல் ஒன்பது வருடத்தில் உறை வைத்த தாள்கள் மூவாயிரத்து முன்னூற்றுப் பதினாறு. உறையிலிருந்து துணுக்கு எடுத்துக்கொண்டு போனவர்கள் கையெழுத்திடும் பதிவேடு இன்னொன்று இருந்தது. அதையும் எடுத்தார். அந்த மூவாயிரத்துச் சொச்சத்தில் ஐம்பத்தேழு உறைகளை ஆய்வாளர்கள் திறந்திருந்தார்கள்.

ஐம்பத்தேழில் பத்தொன்பதைத் திறந்தவர் ஒரே ஆள். பதினாலு வருடத்துக்கு முன்பு. கையெழுத்து, செல்வகனி. அப்போது அவர் ஆராய்ச்சி மாணவி.

எந்தச் செடி என்ற கட்டத்தில் பத்தொன்பது இடத்திலும் ஒரே பெயர். பேய்மிரட்டி.

மூன்றாம் நாள், நூலக அலமாரியிலிருந்து செல்வகனியின் ஆய்வேட்டை எடுத்தார். அதில் முக்கால்வாசி அவருக்குப் புரியாது. ஆனால் ஒரு பக்கத்தில் அட்டவணை இருந்தது. எண் புரியும். ஏழாவது புள்ளி, நீலம், தொண்ணூற்றிரண்டு மில்லிமீட்டர். பத்தொன்பது தாளில் பதினோரு தாளில் தெரிந்தது. எட்டில் மங்கல், அல்லது இல்லை.

அவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள், அந்தப் பதினோரு பேய்மிரட்டித் தாளும் எந்தெந்தத் தேதியில் ஒட்டப்பட்டவை என்று பார்த்தார். எல்லாம் ஒரே வாரம். ஒரே மேசை. அந்த வாரம் மேசையில் வேறு என்ன இருந்தது என்றும் பதிவேட்டில் இருந்தது. அவரே எழுதியது. ஊர்த் தும்பை, முப்பத்திரண்டு தாள்.

ஐந்தாம் நாள் கோமு கேட்டாள். "என்ன அண்ணாச்சி, நாலு மணிக்கு டீ மட்டும் குடிச்சிட்டுப் போறீங்க. எல்லாம் படிச்சு முடிச்சாச்சா?"

"இன்னும் ஒண்ணு இருக்கு."

"கேக்க வேண்டியதுதானே."

"கேட்டா பதில் தெரிஞ்சிரும்."

கோமுவுக்கு அது விளங்கவில்லை. அவள் தட்டச்சுக்குத் திரும்பினாள்.

ஆறாம் நாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, பூதத்தான் பேய்மிரட்டிக் கட்டை அவிழ்த்தார். அந்தப் பதினொன்றில் முதல் தாளை எடுத்தார். தான் ஒட்டிய செடிதான். பசை போட்ட இடம்கூட நினைவிருந்தது.

உறையை அவர் தொடவில்லை. தண்டிலிருந்து ஓர் இலையைக் கிள்ளினார்.

அரைத்தார். பொட்டு வைத்தார். செல்வகனியின் குடுவை, செல்வகனியின் கலவை. பதினாலு வருடமாக அவர் அதை மாற்றியதில்லை. உறையிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துப் பக்கத்தில் இன்னொரு பொட்டும் வைத்தார்.

இலையில் ஆறு புள்ளி.

துணுக்கில் ஐந்து. உச்சியில் நீலம். தொண்ணூற்றிரண்டு. மற்ற நாலும் இலையின் புள்ளிகளுக்கு நேராகவே நின்றன; இரண்டையும் சேர்த்து அரைத்தால் ஏழு.

அவர் அதைக் காயவைத்து, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்தார்.

நாலு மணிக்குச் செல்வகனி தேநீரை ஆற்றினார்.

பூதத்தான் கதவருகே வந்து நின்றார். எட்டு வருடத்துக்கு முன்பு நின்ற அதே இடம்.

"உள்ளே வாங்க அண்ணாச்சி. அஞ்சு நாளாக் கேள்வி இல்லை."

"இன்னைக்கு இருக்கும்மா."

"கேளுங்க."

"தெரிஞ்சும் சொல்லாம இருக்கிறது எந்தக் கட்டுல சேரும்?"

செல்வகனி தம்ளரைக் கீழே வைத்தார். "எவ்வளவு நாளாத் தெரியும்?"

"தெரிஞ்சது ஒரு மாசமா. செஞ்சது ஒன்பது வருசம்."

அவர் இரண்டு பதிவேட்டையும் மேசைமேல் வைத்தார். ஆய்வேட்டை அதன்மேல் வைத்தார். வெள்ளைத் தாளைப் பிரித்து, உறிஞ்சுதாளை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். மேசையைக் கூட்டியதைச் சொன்னார். தூரிகையைச் சொன்னார். தெரியாத துணுக்கை எப்படிப் போட்டார் என்று சொன்னார். தலைவர் சொன்ன பேச்சைத் தான் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதையும் சொன்னார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"யாரோ கலந்துட்டாங்கன்னு நீங்க சொன்னப்ப, நான்தான்னு சொல்லலை" என்று முடித்தார்.

செல்வகனி ஊதா விளக்கைப் போட்டார். உறிஞ்சுதாளைப் பிடித்தார். பூதத்தான் அளவுகோலை நீட்டினார். அவர் வாங்கி அளந்தார். ஆய்வேட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து, பதிவேட்டில் அந்த வாரத்தைத் திறந்து, திரும்பவும் அளந்தார்.

தேநீரில் ஆடை படிந்தது.

"தண்டுல இருந்து நீங்களாவா கிள்ளினீங்க?"

"ஆமாம்மா."





செல்வகனி மறுபடியும் அந்த நீலப் புள்ளியைப் பார்த்தார். முகத்தை விளக்குக்கு இன்னும் அருகே கொண்டுபோனார், முதல் தடவையாகப் பார்ப்பவர் போல.

"பதினாலு வருசம்" என்றார். "பதினொண்ணுல இருக்கு, எட்டுல இல்லை. ஒரே மலை, ஒரே செடி. ஏன், ஏன்னு எத்தனை தரம் யோசிச்சிருக்கேன் தெரியுமா? மழையா, மண்ணா, பறிச்ச மாசமான்னு."

"என்னால உங்க பேரு…"

"அப்ப இது தும்பை" என்றார் செல்வகனி.

"ஆமாம்மா."

"தும்பை" என்று இன்னொரு தரம் தனக்கே சொல்லிக்கொண்டார். விளக்கை அணைத்தார்.  கண்ணைத் துடைத்தாரா, ஊதா வெளிச்சத்தின் கூச்சமா என்று பூதத்தானுக்குத் தெரியவில்லை.

"மொத்தம் எத்தனை உறை?"

"மூவாயிரத்து முன்னூற்றுப் பதினாறு."

"ஒவ்வொண்ணு மேலயும் எழுதணும். 'துணுக்குகள் கலந்திருக்கலாம்.' தேதி, கையெழுத்து."

"என் கையெழுத்துதானேம்மா."

"உங்களதுதான். ஒரு நாளைக்கு நூறு எழுதினா?"

"முப்பத்து நாலு நாள். கடைசி நாள் பதினாறுதான்."

செல்வகனி மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பென்சிலை எடுத்தார். சீவினார். முனையை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் சீவினார். கீழே விழுந்த சீவல்களைக் கூட்டிக் குப்பையில் தட்டினார்.

பென்சிலை வாங்கிக்கொண்டு பூதத்தான் அலமாரி பக்கம் திரும்பினார்.

"தும்பைக் கட்டுல இருந்து ஆரம்பிக்கிறேம்மா."

செல்வகனி அவரைத் தாண்டிப் போனார். பேய்மிரட்டிக் கட்டை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். நாடாவை அவிழ்த்தார். முதல் தாளை உறை பூதத்தான் பக்கம் வரும்படித் திருப்பி வைத்தார்.

"முதல்ல என்னுடையது" என்றார்.